தானே பீறிட்டு வரும் கடல்

பூமிக்கு அப்பால் உயிரைத் தேடுவது என்றதும் செவ்வாய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அடுத்த பெரிய முயற்சி சனிக் கோளின் சிறிய நிலவான என்சலடஸுக்குப் போக வேண்டும். ஏன் என்பதைச் செவ்வாயில் கிடைத்த பாடமே சொல்லும். 1976-ல் அங்கே இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணில் சத்துக்கரைசலைச் சேர்த்தபோது வாயு வெளிவந்தது. உயிர் இருக்கிறதோ என்ற நம்பிக்கை பிறந்தது. இன்னொரு கருவியோ உயிருக்கு அடிப்படையான கரிமப் பொருள்கள் இருப்பதை உறுதிப்படுத்தவில்லை. 2008-ல் பீனிக்ஸ் கலம் அந்தக் கோளின் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்ட பிறகுதான், வைக்கிங் முடிவுகளை மண்ணின் வேதியியலே குழப்பியிருக்கலாம் என்று புரிந்தது. மண்ணை அறியுமுன் உயிரைத் தேடியதன் விளைவு அது.

முதலில் சூழலை அறிந்து பிறகு உயிரைத் தேடும் வரிசை என்சலடஸில் சரியாக அமைந்திருக்கிறது. சுமார் 500 கிலோமீட்டர் விட்டமே உள்ள அந்த நிலவின் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005-ல் காசினி விண்கலம் கண்டது. பனி ஓட்டுக்கு அடியிலிருக்கும் உப்புக் கடலின் நீர் அது. துளையிடத் தேவையில்லை, பீறலுக்குள் பறந்தாலே போதும். 2015-ல் காசினி 49 கிலோமீட்டர் உயரத்தில் அப்படிப் பறந்து திரட்டிய தரவுகளில் ஹைட்ரஜன் இருந்தது 2017-ல் வெளியானது. வெந்நீரும் பாறையும் வினைபுரியும்போது பிறக்கும் வாயு அது. பூமியின் இருண்ட ஆழ்கடலில் அதையே உணவாகக் கொண்டு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. டிஎன்ஏவுக்கு இன்றியமையாத பாஸ்பேட்டும் அந்தப் பனித்துகள்களில் இருப்பது 2023-ல் தெரியவந்தது.

உண்ண ஆள் இருந்தால் ஹைட்ரஜன் என்னும் சோறு ஏன் மிஞ்ச வேண்டும் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அட்லாண்டிக் கடலடியில் 'லாஸ்ட் சிட்டி' என்னும் வெந்நீர் ஊற்றுகளிலும் ஹைட்ரஜன் மிஞ்சுகிறது, நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. ஆகவே மிச்சத்தை மட்டும் வைத்து உயிர் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. காசினியின் கருவிகளோ, இந்தப் பீறல்களைப் பற்றித் தெரியாத 1997-ல் புறப்பட்டவை; உயிரின் தடயத்தைப் பிரித்தறிய அமைந்தவை அல்ல. சனிக்குப் போகக் காசினிக்கு ஏழாண்டுகள் ஆயின என்பது இன்னொரு தடை. ஆனால் அவ்வளவு தூரம் போய் உயிர் இல்லை என்று கண்டாலும் பயணம் வீணாகாது. நீர், வெப்பம், உணவு எல்லாம் இருந்தும் உயிர் தோன்றவில்லை என்றால், பூமியில் அது தோன்றியது எவ்வளவு அரிய நிகழ்வு என்று நமக்கு விளங்கும்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் வல்லுநர் குழு 2024-ல் என்சலடஸையே முதன்மை இலக்காகப் பரிந்துரைத்தது. பூமியின் நுண்ணுயிர் ஒட்டியிருந்து அந்தக் கடலை மாசுபடுத்திவிடக் கூடாது என்றுதான் 2017 செப்டம்பரில் காசினியைச் சனிக்குள் செலுத்தி அழித்தார்கள். அவ்வளவு அக்கறையோடு காத்த கடலுக்கு, அதைச் சோதித்தறியும் கருவிகளோடு திரும்பிப் போவதே முறை.