விழுப்புரத்தில் ஏற்றிய லினக்ஸ் திண்டிவனத்தில் திணறுவது ஏன்?

விழுப்புரத்துப் பயிற்சிக் கூடம் ஒன்றில் பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றுகிறீர்கள். கேபிளைச் செருகியதும் இணையம் ஓடுகிறது. மறுநாள் அதே கணினியைத் திண்டிவனம் வீட்டில் வைத்துக் கேபிளைச் செருகினால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. கணினி கெட்டுப்போகவில்லை. தான் இன்னும் விழுப்புரத்தில் இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கிறது.

பின்கோடை நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்துக்கு 605602, திண்டிவனத்துக்கு 604001. முதல் மூன்று இலக்கம் தபாலை எந்த வட்டாரத்துக்குப் பிரிப்பது என்று சொல்லும். மீதி மூன்று எந்த அஞ்சலகம் என்று சொல்லும். ஐபி முகவரியும் இப்படித்தான். 192.168.1.20 என்றால், வீடுகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் பெரும்பாலும் முதல் மூன்று பகுதி வலையமைப்பு, கடைசிப் பகுதி கணினி. பயிற்சிக் கூடத்தில் கையால் எழுதிக்கொடுத்த முகவரி அது. திண்டிவனம் வீட்டு ரவுட்டரோ 192.168.0.1 என்று உட்கார்ந்திருக்கிறது. கணினி இன்னும் பயிற்சிக் கூடத்து ரவுட்டரின் 192.168.1.1 என்ற வாசலைத் தேடுகிறது. அங்கே யாரும் இல்லை. நெட்வொர்க் அமைப்பில் 'தானாகப் பெறு' என்று மாற்றினால், முகவரியை ரவுட்டரே கொடுத்துவிடும்.

முகவரி ஊரோடு சேர்ந்தது. பெயரும் நேரமும் கணினியோடு சேர்ந்தவை. லினக்ஸ் ஏற்றி முடித்த கையோடு இந்த இரண்டையும் சரிசெய்துவிட வேண்டும் என்பேன். பெயர் எளிது. ஆனால் பெயரை மாற்றிவிட்டு, பெயருக்கு முகவரி குறித்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரை விட்டுவைத்தால், நிர்வாகி உரிமையோடு இடும் ஒவ்வொரு சூடோ கட்டளைக்கும் 'இந்தப் பெயர் யாருடையது என்று தெரியவில்லை' என்று கணினி முனகும்.

நேரம்தான் ஆளை அலைக்கழிப்பது. பழைய கணினியின் மதர்போர்டில் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால் மின்சாரத்தை நிறுத்தும் போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னே போய்விடும். அதன் பிறகு எந்தப் பாதுகாப்பான இணையதளமும் திறக்காது. ஏனென்றால் தளத்தின் சான்றிதழில் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை' என்று எழுதியிருக்கிறது. உங்கள் கணினிக்கோ அந்தத் தேதி இன்னும் பிறக்கவே இல்லை. மென்பொருள் புதுப்பிப்பும் இதே காரணத்தால் நின்றுபோகும். பார்ப்பவர்கள் நெட் போய்விட்டது என்று ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள். பேட்டரியை மாற்றி, தானியங்கி நேர ஒத்திசைவை இயக்கினால் முடிந்தது. நேர மண்டலமாக 'ஏசியா/கொல்கத்தா'வைத் தேர்ந்தெடுங்கள். சென்னை ஏன் இல்லை என்று தேட வேண்டாம், இந்தியா முழுவதற்கும் அந்த ஒரே பெயர்தான்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு சிடாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பதை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸை அணைத்து விண்டோஸைத் திறந்தால், காலை 10 மணிக்குத் திரையில் 4.30 என்று இருக்கும். சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம் தெரிந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

முகவரியும் நேரமும் சரியாக இருந்தும் இணையம் வரவில்லையா? ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை மூன்று முறை, இந்த வரிசையில் போடுங்கள். முதலில் ரவுட்டருக்கு. பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு. அது பதில் சொல்லாவிட்டால் ரவுட்டருக்கு அப்பால் கோளாறு இருக்கலாம். கடைசியாக ஓர் இணையதளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்: பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் அந்தத் தொலைபேசிப் புத்தகம் மட்டும் கைக்கு எட்டவில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள விழுப்புரம் மாவட்டத்தில் வழி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறது. 2023 ஜனவரியில் டெபியன் லினக்ஸ் ஆர்வலர்களின் 'மினி டெப்கான்ஃப்' மாநாடு நடந்ததும் விழுப்புரத்தில்தான். திண்டிவனத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கணினியையும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் முகவரி 'தானாகப் பெறு' என்று இருக்கிறதா என ஒருமுறை பாருங்கள்.