கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

1960-களில் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஓர் இளம் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தவர். பெட்டிக்குள் அடைத்த வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளியேறிவிடுகிறது, அதை எப்படித் தடுப்பது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேல்படிப்பு; 1970-ல் அமெரிக்கா.

1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியல் அறிஞர்கள் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிகளில் இருக்கும் குளோரோஃபுளூரோகார்பன் வாயு வானில் மேலேறி, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்றார்கள். செகந்திராபாத்தில் அந்த வாயுவோடு மல்லுக்கட்டிய நம் பொறியாளர் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அதன் ஒரு மூலக்கூறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம் என்று விடை வந்தது. 1975-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்தக் கட்டுரையை எழுதியவர் வீரபத்ரன் ராமநாதன். பூமி சூடாவதற்கு கார்பன் டை ஆக்சைடு மட்டுமே காரணம் இல்லை என்பதை உலகத்துக்குக் கணக்கோடு காட்டியவர்களில் முதன்மையானவர்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கசிவு நிற்கவில்லை. அன்று தொழிற்சாலைக்குள் நடந்தது இன்று நம் மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் நடக்கிறது. அதை நிறுத்தக்கூடிய ஆள் நம் தெருவிலேயே கடை வைத்திருக்கிறார்: ஏசி மெக்கானிக்.

சிறுதொழில்களும் சுற்றுச்சூழலும் என்று பேச்செடுத்தால் துணிப்பை, பாக்குமட்டைத் தட்டு, இயற்கை அங்காடி என்றுதான் போகிறோம். அவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால், ஒரு சின்னக் கடையின் ஒரு நாள் வேலை உலகின் வெப்பக் கணக்கில் நேரடியாக ஏறுவது அல்லது இறங்குவது என்று பார்த்தால், பத்துக்குப் பத்து அறையில் நடக்கும் இந்த ஃபிரிட்ஜ் - ஏசி பழுதுபார்க்கும் கடைக்கு ஈடு சொல்ல எனக்கு வேறு கடை தெரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோடை தொடங்கியதும் வீடு வீடாகக் கேட்கிற வாசகம் இது: "அக்கா, கேஸ் தீர்ந்துபோச்சு. அடிச்சு விட்டுடறேன்." ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. அறையின் வெப்பத்தை உள்ளே வாங்கி, வெளியே கொண்டுபோய் விடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. குழாயில் ஓட்டை இல்லையென்றால், மெஷினின் ஆயுள் முழுக்க அதே கேஸ் போதும். குறைந்திருக்கிறது என்றால் கசிந்திருக்கிறது என்றுதான் பொருள். கசிந்தது காற்றில் கலந்துவிட்டது. ஓட்டையை அடைக்காமல் மறுபடி நிரப்பினால் அதுவும் அதே வழியில் போகும். வருடா வருடம் 'டாப்-அப்' செய்கிற வீட்டில், வருடா வருடம் காசு கொடுத்து வாயுவை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அது எவ்வளவு பெரிய விஷயம்? பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதன் ஒரு கிலோ 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு டன், ஒன்றரை டன் ஏசியில் ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஆக, ஒரு பழைய ஏசியின் கேஸைத் திறந்துவிடுவது ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் அந்தப் பெட்ரோலைப் போட்டால், பூமியைக் கிட்டத்தட்ட ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். குழாயைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று சில நொடிகள். முடிந்தது.

பிறகு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வெப்பக் கணக்கில் 2,088 என்று ஆர்-22-ஐயும் மிஞ்சிவிட்டது. இப்போது கடைகளில் பரவலாக விற்கும் ஆர்-32-க்கு 675. ஆர்-290 என்பது புரொபேன்; அதன் பாதிப்பு ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. கோத்ரெஜ் நிறுவனம் 2012-லேயே அதை வைத்து வீட்டு ஏசி செய்யத் தொடங்கியது. புதிய ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ வந்துவிட்டது. அதுவும் ஹைட்ரோகார்பன்தான், சில பத்து கிராம் போதும்.

நம் கடற்கரை ஊர்களின் ஐஸ் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். அங்கே குளிரூட்டுவது அமோனியா. ஓசோனுக்கும் தீங்கில்லை, பூமியையும் சூடாக்காது. ஆனால் விஷம். ஒரு வால்வில் லேசாகக் கசிந்தாலே கண் எரியும், மூச்சுத் திணறும், தெருவே ஓடும். அதனால் அங்கே கசிவு என்றால் அலறியடித்து அடைக்கிறார்கள். நம் வீட்டு ஏசியில் இருப்பவை கிட்டத்தட்ட வாசனையற்றவை, கண்ணுக்கும் தெரியாதவை. ஒரு கிலோ போனாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. யாரையும் உறுத்தாத கசிவு என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் இப்படியே ஓடிவிட்டது.

உலகம் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இன்று உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்திருக்கின்றன. சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களில் இதைப் போல் பலன் தந்தது இன்னொன்று இல்லை. இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவுக்கு மேலுள்ள ஓசோன் படலம் 2066 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. 2016-ல் ருவாண்டா தலைநகர் கிகாலியில், ஓசோனைத் தொடாத ஆனால் பூமியைச் சூடாக்கும் வாயுக்களையும் குறைக்க முடிவானது. இந்தியா 2028-ல் அவற்றின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு கட்டி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

ஒப்பந்தம் எங்கே கையெழுத்தானாலும், அது நிறைவேற வேண்டிய இடம் ஏணியில் ஏறி நிற்கும் மெக்கானிக்கின் கை. தொழிற்சாலையில் புதிய மெஷினில் எந்தக் கேஸ் போடுவது என்பதைச் சட்டம் போட்டு மாற்றிவிடலாம். ஏற்கெனவே வீடுகளில் தொங்கிக்கொண்டிருக்கும் மெஷின்களுக்குள் இருப்பதை என்ன செய்வது? அதைச் சட்டப் புத்தகம் வந்து பிடித்துவைக்காது.

வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். தொழில் தெரிந்த மெக்கானிக் முதலில் மெஷினை ஓடவிடுவார். அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒல்லிக் குழாய் வருகிற வால்வை ஆலன் கீ போட்டு மூடுவார். உள்ளே போகும் வழி அடைபட்டதும், கம்ப்ரஸர் மீதிக் கேஸையெல்லாம் இழுத்து அவுட்டோருக்குள் சேர்த்துக்கொள்ளும். கேஜில் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, சுழியை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, மெஷினை நிறுத்துவார். அதன் பிறகுதான் நட்டைக் கழற்றுவார். இதற்குப் பெயர் 'பம்ப் டவுன்'. ஓரிரு நிமிட வேலை. கேஸ் பத்திரமாக அடுத்த வீட்டுக்குப் போகும். அவசரத்தில் இருப்பவரோ, கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாதவரோ ஸ்பானரை எடுத்து நேராக நட்டைத் திறந்துவிடுவார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் 1,800 கிலோ அடங்கியிருக்கிறது.

ஒரு கடை ஆண்டுக்குப் பத்துப் பழைய ஏசிகளை இப்படிக் காப்பாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 டன். ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறக் காரணமாகிறார். அப்படியென்றால், கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஒன்பது பேரின் ஓராண்டுக் கணக்கை அந்தக் கடை கழித்துவிடுகிறது.

கசிவைச் சரிசெய்வது இதைவிட நேரம் பிடிக்கும். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கண்டுபிடித்துப் பற்றவைத்த பின், வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேஸ். அதையும் எடை போட்டு, மெஷினின் தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் உப்புக்காற்று காயிலை அரித்துவிடுவதால் ஓட்டை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பாதி நாள் போய்விடும். கத்திரி வெயில் நாளில், கைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது, எந்த மெக்கானிக்கால் ஒரு வீட்டில் பாதி நாள் உட்கார முடியும்? ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அவர் மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் சம்பாதித்தாக வேண்டும். ஐப்பசி மழையில் யாரும் ஏசிக்கு ஆள் தேடுவதில்லை.

இங்கே நம் பங்கும் இருக்கிறது. "லீக்கைப் பார்க்கணும் சார், கொஞ்சம் கூட ஆகும்" என்று அவர் சொன்னால், ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்படுகிறோம். கேஸ் மட்டும் அடித்துவிட்டுப் போகிறவர் மலிவானவர் ஆகிவிடுகிறார். ஒழுங்காக வேலை செய்பவரை நம் பேரமே தண்டிக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். உண்மையில் இரண்டே கோடைகளில், அடைத்த ஓட்டை அடைக்காத ஓட்டையைவிட மலிவாகிவிடும். கேஸ் குறைந்த ஏசி அறையைக் குளிர்விக்க முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், மின் கட்டணத்திலும் அது தெரியும்.

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்ற இலக்கை வைத்தது. நல்ல திட்டம். ஐடிஐ-யில் இரண்டு ஆண்டு குளிர்சாதன மெக்கானிக் படிப்பும் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் நிறையப் பேர் ஓர் அண்ணனிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கற்றவர்கள். அவர்களைப் பகல் நேர வகுப்புக்குக் கூப்பிட்டால் கூலி போகும். மழைக்காலத்தில், உதவித்தொகையோடு, அவர்கள் ஊரிலேயே வகுப்பு நடந்தால்தான் வருவார்கள். பயிற்சி அவர்களின் உயிருக்கும் வேண்டியிருக்கிறது: ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்-290 சமையல் கேஸைப் போலவே தீப்பிடிக்கும். ஆர்-22 காலத்துப் பழக்கத்தோடு அங்கே தீச்சுடரை நீட்டக் கூடாது.

அடுத்தது கருவி. பம்ப் டவுன் செய்ய முடியாத, கம்ப்ரஸர் செத்துப்போன மெஷினிலிருந்து கேஸை எடுக்க 'ரெக்கவரி மெஷின்' வேண்டும். கூடவே தனி சிலிண்டர். அதையும் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு கேஸோடு இன்னொன்று கலந்துவிட்டால் அப்படியே திரும்பப் பயன்படுத்த முடியாது என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிலிண்டர். எப்போதாவது தேவைப்படும் கருவிக்காகத் தனியொரு கடைக்காரர் பல ஆயிரம் ரூபாயை முடக்க மாட்டார். ஊருக்கு ஒன்று, மெக்கானிக் சங்கத்திடமோ உதிரிபாகக் கடையிலோ நாள் வாடகைக்குக் கிடைத்தால் எடுப்பார். பந்தல் சாமானும் சமையல் பாத்திரமும் சென்ட்ரிங் பலகையும் வாடகைக்குக் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. உள்ளாட்சியோ கூட்டுறவு வங்கியோ முதல் மெஷினுக்குக் கைகொடுத்தால் போதும். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

ஜவுளிக்கடை, ஓட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களுக்கும் இதில் எளிய வேலை உண்டு. எந்த ஏசிக்கு, எந்தத் தேதியில், எத்தனை கிராம் கேஸ் ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். ஒரே மெஷின் இரண்டாவது முறை வரும்போது ஓட்டை தானாக அகப்பட்டுவிடும்.

மிச்சம் இருப்பது பழைய மெஷின்களின் கடைசி நாள். புதிய ஏசிகளில் ஆர்-22 போடுவது நின்றுவிட்டது. வீடுகளில் மிச்சமிருப்பவை எக்ஸ்சேஞ்ச் சலுகையிலும் காயலான் கடை வண்டியிலும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. காயலான் கடையில் செம்புக்கு விலை உண்டு, அலுமினியத்துக்கு உண்டு, கம்ப்ரஸருக்கு உண்டு. கேஸுக்கு இல்லை. அதனால் குழாயை அறுக்கும்போது அது போய்விடுகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், விற்ற ஏசிகளின் கடைசிக் காலத்துக்கும் தயாரிப்பு நிறுவனங்களையே பொறுப்பாக்குகின்றன. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கைக் காயலான் கடை வாசல்வரை கொண்டுவர வேண்டும்: மீட்டுக் கொடுக்கும் கேஸுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுவனங்கள் விலை அறிவிக்கட்டும். செம்பை ஒரு கிராம்கூட விடாமல் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் காயலான் கடைக்காரர்கள். விலை இருக்கிறது என்று தெரிந்தால், அறுப்பதற்கு முன்னால் சிலிண்டரை மாட்டுவார்கள்.