சுவைப்பொடி

பொட்டலத்தில் அடைத்து விற்கப்பெறும் உருளைக்கிழங்கு வறுவலை உண்ணும்போது, விரல் நுனியில் செந்நிறத் தூள் ஒட்டிக்கொள்வதை யாவரும் கண்டிருப்பர். உண்டு முடித்தபின் அவ்விரலை நாவில் வைத்துச் சுவைப்பாரும் உளர். வறுவலுக்குத் தக்காளிச் சுவையையும் மசாலாச் சுவையையும் தருவது அத்தூளே. கிழங்கு ஒன்றே, எண்ணெயும் ஒன்றே, தூளை மாற்றினால் பண்டத்தின் பெயரும் மாறிவிடுகின்றது. இதனைச் சுவைப்பொடி எனலாம்.

தொடக்கத்தில் வறுவலுக்கு இத்தகைய பொடி இல்லை. இங்கிலாந்தில் ஃபிராங்க் சுமித் என்பார் 1920ஆம் ஆண்டில் வறுவல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் விற்ற பொட்டலத்தினுள் நீலத்தாளில் முறுக்கிய சிறிதளவு உப்பு தனியே இருக்கும். வேண்டுவோர் வேண்டிய அளவு தூவிக்கொள்வர், வேண்டாதார் எறிந்துவிடுவர். அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜோ மர்ஃபி என்பார் 1954ஆம் ஆண்டில் டேட்டோ என்னும் நிறுவனத்தை நிறுவினார். பாலாடைக்கட்டியும் வெங்காயமும் கலந்த சுவையை ஆலையிலேயே வறுவலில் ஏற்றி விற்ற முன்னோடிகளுள் அவர் ஒருவர். அம்முறை உலகெங்கும் பரவியது. உப்பின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை உண்பவர் கையினின்று ஆலையின் கைக்குச் சென்றது. இதனை அன்று எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

பொடியில் உள்ளவை யாவை என்பதைப் பொட்டலத்தின் பின்புறத்தில் காணலாம். எடையில் மிகுந்த பொருள் முதலிலும் குறைந்தது இறுதியிலுமாகப் பொருள்களை அச்சிடல் வேண்டும் என்பது இந்திய நாட்டுச் சட்டம். ஆதலின் அப்பட்டியலின் வரிசையே ஒரு செய்தியைச் சொல்லும். முகப்பில் சிவந்த தக்காளியின் படம் பெரிதாக விளங்கும். பின்புறப் பட்டியலிலோ உப்பு, சர்க்கரை, மால்டோடெக்சுட்ரின் ஆகியவை முன்னிற்க, தக்காளித்தூள் அவற்றிற்குப் பின்னே ஒதுங்கி நிற்பதைப் பல பொட்டலங்களிற் காணலாம். மால்டோடெக்சுட்ரின் என்பது சோளம் முதலியவற்றின் மாவுப்பொருளைச் சிறுசிறு கூறுகளாகச் சிதைத்துப் பெறும் வெண்பொடி. அதற்கெனத் தனிச்சுவை இல்லையென்றே சொல்லலாம். பிற பொருள்களின் மணத்தையும் சுவையையும் தாங்கிப் பண்டமெங்கும் ஒருசீராகப் பரப்புவதே அதன் தொழில். புளிப்புக்குச் சிட்ரிக அமிலம் சேரும். பொடி கட்டிபடாமல் உதிரியாக இருக்கச் சிலிக்கன் டை ஆக்சைடு சிறிது சேரும். வெங்காயத்தூள், பூண்டுத்தூள், மிளகாய்த்தூள் ஆகியன நம் அடுக்களைக்குப் பழக்கமானவை.

அறுசுவையுள் கார்ப்பையும் ஒன்றாக வைத்து எண்ணினர் நம் முன்னோர். இக்கால உடலியலார் அதனைச் சுவையென்று கொள்வதில்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் பொருள் வெப்பத்தை உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றது. அவ்வெரிவையே நாம் காரம் என்கின்றோம். அதற்கு மாறாக, அறுசுவையுள் அடங்காத வேறொன்றை அவர்கள் சுவையாக ஏற்றுள்ளனர். பொடியின் மறைபொருள் அதுவே.

சப்பானியர் கோம்பு என்னும் கடற்பாசியை நீரிலிட்டு வடித்த சாற்றைத் தம் சமையலுக்கு அடிப்படையாகக் கொள்வர். அச்சாற்றின் சுவை இனிப்பன்று, புளிப்பன்று, உவர்ப்பன்று, கைப்புமன்று. அது யாது என்று ஆராயப் புகுந்தார் தோக்கியோப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனே இக்கேடா. அது குளூட்டமிக அமிலத்தின் சுவை என்பதை 1908ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்து, அதற்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். அவ்வமிலத்தோடு சோடியம் சேர்ந்த உப்பு 1909 முதல் ‘அசினமோட்டோ’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. சுவையின் மூலம் என்பது அப்பெயரின் பொருள். பொட்டலங்களில் 621 என்னும் எண்ணால் குறிக்கப்படுவது இதுவே. அவர் மாணவர் கொடாமா 1913ஆம் ஆண்டில் உலர்ந்த மீனிலிருந்து இனோசினேட்டு என்னும் மற்றொரு சுவைப்பொருளைக் கண்டார். குனினாக்கா என்பார் 1957ஆம் ஆண்டில் குவானிலேட்டின் சுவையைக் கண்டறிந்தார். இவற்றுள் ஒன்றைக் குளூட்டமேட்டோடு சிறிதளவு சேர்த்தாலும் சுவை பன்மடங்காக ஓங்கும். 627, 631, 635 ஆகிய எண்கள் 621-ஐ அடுத்து நிற்கும் காரணம் இதுதான்.

இவ்வுப்பைப் பற்றி ஓர் அச்சம் உண்டு. அமெரிக்க மருத்துவ இதழொன்றில் 1968ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கடிதத்தைத் தொடர்ந்து, தலைவலிக்கும் படபடப்புக்கும் இதுவே காரணம் என்னும் பேச்சு பரவிற்று. உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த அறிஞர் குழு 1987ஆம் ஆண்டில் இதனை ஆய்ந்து, அன்றாட உணவிற்கு எண்ணளவில் வரம்பு வகுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது. பழுத்த தக்காளியிலும் தாய்ப்பாலிலும் குளூட்டமேட்டு இயற்கையாகவே உள்ளது. இதனை நஞ்சு என்பது பொருந்தாது.

ஆயின் ஒன்று கருதத்தக்கது. உமாமி என்பது புரதம் மிக்க உணவின் வருகையை நாவுக்கு அறிவிக்கும் சுவை. பருப்பும் பாலும் இறைச்சியும் பக்குவமாகும்போது தோன்றுவது அது. வறுவலிலோ மாவும் எண்ணெயும் மிகுதி, புரதம் சிறிதே. அறிவிப்பு வருகின்றது, விருந்தினர் வருவதில்லை. கை மீண்டும் மீண்டும் பொட்டலத்தை நாடுகின்றது.

நூறு கிராம் வறுவலில் பொடி பெரும்பாலும் ஆறு முதல் பத்துக் கிராம் அளவே இருக்கும். அதிலுள்ள தக்காளியால் உடலுக்குக் குறிப்பிடத்தக்க ஊட்டம் ஏதுமில்லை. பொடியால் உடலுக்குச் சேர்வதில் எண்ணிப் பார்க்க வேண்டியது சோடியமே. அது மிகுந்தால் குருதியழுத்தம் உயரும்; இதயமும் சிறுநீரகமும் நலியும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழி உண்மைதான். எனினும் வளர்ந்த ஒருவர் நாள் ஒன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ணுதல் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். சோறு, குழம்பு, ஊறுகாய் ஆகிய அனைத்திலும் உள்ள உப்பும் இவ்வளவினுள் அடங்கும்.

பொட்டலத்தில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று மில்லிகிராமில் எழுதுவர். அவ்வெண்ணை இரண்டரையாற் பெருக்கினால் அதற்கு ஈடான உப்பின் அளவு கிடைக்கும். நூறு கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று இருப்பின், அது இரண்டு கிராம் உப்புக்கு ஈடு. அப்பண்டத்தில் ஐம்பது கிராம் உண்டவர் ஒரு கிராம் உப்பை உண்டவர் ஆவர். அன்றைய பங்கில் ஐந்தில் ஒரு கூறு தீர்ந்தது.

கணக்கில் பிழை நேர ஓரிடம் உண்டு. ஒரு முறை உண்ணும் அளவால் அன்றாடத் தேவையில் எத்தனை விழுக்காடு சேர்கின்றது என்பதும் பின்புறத்தில் அச்சாகியிருக்கும். மேற்கூறிய வறுவலுக்கு அவ்வளவு இருபது கிராம் எனக் குறித்திருப்பின், சோடியம் எட்டு விழுக்காடு என்றே காட்டும். கையிலுள்ள பொட்டலமோ ஐம்பது கிராம். இருபது கிராம் உண்டபின் எஞ்சியதை மடித்து வைப்பவர் மிகச் சிலரே. முழுவதும் உண்டவருக்குச் சேர்ந்தது எட்டன்று, இருபது விழுக்காடு.