குரைக்கும் நாயைக் கைவிடலாமா?

யானை போன்றவரின் நட்பை விடுத்து, நாய் போன்றவரின் நட்பைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று நாலடியார் அறிவுறுத்துகிறது. நெடுங்காலம் பழகிய பாகனையும் யானை கொல்லக்கூடும். வளர்த்தவன் வேலாலேயே புண்பட்டாலும் நாய் அவனிடம் அன்பு மாறாது என்பது அந்நூல் கூறும் காரணம். நாய் தன் பங்கைக் காத்து நிற்கிறது. நம் பங்கு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதையே நாம் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

காஞ்சன்பாக்கிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களிலும் மித்தானி உலோக ஆலையிலும் பணி ஏற்று வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ஊர்ப்பற்றின் காரணமாக இராஜபாளையம் அல்லது சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை வளர்க்க விரும்புவது இயல்பே. இராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையே வெளியாயிற்று. ஆயினும் இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள். பரந்த வெளியில் ஓட வேண்டிய பிராணியை இரண்டாம் மாடியில் சங்கிலியால் கட்டிவைத்தால், மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அது சீறிக் குரைப்பதில் வியப்பில்லை. அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். "இது திருந்தாது" என்ற பேச்சு எழும். மாற்றல் உத்தரவோ பணி ஓய்வோ வந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளில், சாமான்கள் லாரியில் ஏற, நாய் மட்டும் தெருவில் நின்றுவிடுகிறது.

இவ்வாறு குரைக்கும் நாய்களுள் பெரும்பாலானவை கொடியவை அல்ல, அஞ்சுபவை. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரையே குட்டி உலகைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்பருவத்தில் பலதரப்பட்ட மனிதரையும் பிற நாய்களையும் காணாத குட்டிக்கு, பின்னாளில் புதியவர் எவரும் பகைவராகவே தோன்றக்கூடும். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தம் வழியே செல்கிறார். நாயோ தன் குரைப்பே அவரை விரட்டிற்று என்று கொள்கிறது. மறுநாள் இன்னும் உரக்கக் குரைக்கிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. உணவுக்கு முன்னறிகுறியாகப் பழகிவிட்ட ஓசையைக் கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறும் என்பதை ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ் காட்டினார். அச்சத்தை மாற்றுவதற்கும் இவ்வழியே உதவுகிறது. புதியவரைக் கண்டும் நாய் அமைதியாக இருக்கக்கூடிய தொலைவை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அத்தொலைவில் அவர் தோன்றியவுடன் அதற்கு மிக விருப்பமான தின்பண்டம் சிறிது தர வேண்டும். அவர் மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். நாள்தோறும் சில நிமிடங்கள் இதைச் செய்து, தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால், "புதியவர் வந்தால் நன்மை வரும்" என்று நாய் கற்றுக்கொள்ளும். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். அவசரப்பட்டு நெருங்கினால் மீண்டும் தொடக்கத்திற்கே திரும்ப நேரிடும்.

அடிப்பது கூடாது. உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அடிக்குப் பயந்து உறுமலை விட்ட நாய், உறுமாமலே கடிக்கக்கூடும். நேற்றுவரை சாதுவாயிருந்த நாய் திடீரெனச் சீறினால், காதுநோய், மூட்டுவலி முதலியவை உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடலாகாது. பயிற்சி முடியும்வரை வெளியே செல்லும்போது வாய்க்கூடு அணிவிப்பதும், குழந்தைகளைத் தனியே நாயுடன் விடாதிருப்பதும் நம் கடமை.

அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் நாய்ச்சண்டைக் கூட்டம் ஒன்றிடமிருந்து மீட்கப்பட்ட நாய்களுள் 22 நாய்கள், கொன்றுவிடுவதே மேல் என்று பலர் கருதிய நிலையில், யூட்டா மாநிலத்துக் காப்பகம் ஒன்றில் ஒப்படைக்கப்பட்டன. பொறுமையான பயிற்சிக்குப் பின் அவற்றுள் பல, குடும்பங்களில் வளர்ப்பு நாய்களாக வாழ்ந்தன. சண்டைக்கென வளர்க்கப்பட்டவையே மாறுமெனில், மாடிப்படி ஓசைக்கு அஞ்சும் நம் வீட்டு நாய் மாறாதா?

மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவின் பயனாகவே 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. தக்க காரணமின்றிப் பிராணியைப் பசி தாகத்தால் துன்புறுமாறு கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். முதற் குற்றத்திற்கு அதில் விதிக்கப்பட்ட அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். தண்டனை சிறிதென்பதால் பாவமும் சிறிதாகிவிடாது. வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. தெரு நாய்கள் அதைச் சேர்ப்பதில்லை. அச்சம் மிகுந்து அது கடிக்குமாயின், கடிபடுவது பிறர் வீட்டுக் குழந்தை.

எத்துணை முயன்றும் சில நாய்கள் குழந்தைகள் உள்ள வீட்டிற்குப் பொருந்தாமற் போகலாம். அப்போதும் மருத்துவரையும் பயிற்சியாளரையும் கலந்து, அதன் குணத்தை ஒளிக்காமற் சொல்லி, தகுந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை. புதிய ஊரின் மொழியும் வழக்கமும் நமக்குப் பழக எத்தனை மாதங்களாயின! அத்தனை மாதங்களை நம்மை நம்பி வந்த உயிருக்கும் அளிப்போமாக.