எடை மெஷின் சொல்லாத விஷயம்: குழந்தையின் உடம்பும் ஓட்டமும்

கல்யாண வீட்டுக்கு ஒரு குழந்தையைக் கூட்டிட்டுப் போனா ரெண்டு கமெண்ட்ல ஒண்ணு நிச்சயம். "என்னம்மா, பிள்ளைக்குச் சோறே போட மாட்டியா?" இல்லன்னா, "கொழுகொழுன்னு இருக்கான், சுத்திப் போடு." ரெண்டுமே எடையைப் பத்தினது. இந்தப் பிள்ளையால ஒத்தக் கால்ல பத்து தடவை நொண்டி அடிக்க முடியுதான்னு யாரும் கேட்கிறதில்ல. இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தித்தான். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் என்ஜினியர். படிச்சுப் புரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல எடை. ரெண்டு ஃபைல் ஒரே சைஸ்ல இருக்கலாம். உள்ளே இருக்கிறது வேற வேற. உடம்பும் அப்படித்தான். பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அது சொல்லாது. 2004-ல் 'லான்செட்' இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

இது பெரியவங்க கதை மட்டும் இல்ல. யாஜ்னிக் குழு புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. சராசரிப் பிறப்பு எடை இங்கே சுமார் 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், நம்ம குழந்தைகளின் முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசைதான் குறைவு. அதனால 'ஒல்லியா இருக்கான், அப்போ கொழுப்பு இல்ல' என்கிற கணக்கு நம்ம ஊர்ல சரியா வராது.

இன்னொண்ணு. ஒரு வயசுக்கு அப்புறம் குழந்தைகளோட பி.எம்.ஐ. இயல்பாவே இறங்கி, சுமார் 5, 6 வயசுல அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஏறும். அஞ்சு வயசுப் பிள்ளை மெலிஞ்சு தெரியுறது பல நேரம் இந்தப் பருவத்தோட வேலை. அதனாலதான் குழந்தைக்குப் பெரியவங்க அட்டவணையை வச்சுப் பார்க்காம, வயசுக்கும் பாலினத்துக்கும் ஏத்த வளர்ச்சி அட்டவணையைப் பார்க்கிறாங்க.

இப்போ ஓட்டத்துக்கு வருவோம். உடல் ஒருங்கிணைப்பை எப்படி அளக்கிறது? 1974-ல் ஜெர்மனியில் கிப்ஹார்டும் ஷில்லிங்கும் வெளியிட்ட கே.டி.கே. என்ற சோதனை இன்னும் பயன்பாட்டில் இருக்கு. நாலே வேலை. 6, 4.5, 3 சென்டிமீட்டர் அகலக் கட்டைகள் மேல் பின்னோக்கி நடக்கணும். அடுக்கிக்கிட்டே போகிற ஸ்பாஞ்சுக் கட்டைகளை ஒத்தக் காலால் தாண்டணும். காலைச் சேர்த்து வச்சு 15 விநாடி பக்கவாட்டில் குதிக்கணும். ரெண்டு பலகையை மாத்தி மாத்தி வச்சு, தரையில் கால் படாம பக்கவாட்டில் நகரணும். பார்த்தா நம்ம நொண்டியும் பாண்டியும் மாதிரியே இல்ல?

எடை கூடின குழந்தைகள் இந்தச் சோதனையில் சராசரியா பின்தங்குவாங்க. ஒரு காரணம் நேரடி இயற்பியல். தசை தள்ளும், கொழுப்பு சுமை மட்டும்தான். தன் உடம்பைத் தானே தூக்குற வேலையில் அந்தச் சுமை நல்லா தெரியும். பந்து எறியுற, பிடிக்கிற வேலைகளில் இந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது. அதாவது அந்தப் பிள்ளை 'மக்கு' இல்ல. கூடுதல் சுமையோட ஆடுது, அவ்வளவுதான்.

ஆனா காலம் போகப் போக இடைவெளி பெருசாகுது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை ரெண்டு வருஷ இடைவெளியில் மறுபடி சோதிச்ச ஆய்வு 2013-ல் வெளிவந்தது. எடை கூடின குழந்தைகள் மத்தவங்க அளவுக்கு முன்னேறல. விளையாட்டுக் கிளப்பில் ஆடினவங்க கூடுதலா முன்னேறினாங்க.

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஸ்டாடனும் குழுவும் 2008-ல் இதை ஒரு சுழற்சியா விளக்கினாங்க. சரியா குதிக்க வராத பிள்ளை விளையாட்டில் தோக்கும். தோத்தா ஒதுங்கும். பி.டி. பீரியட்ல ஸ்கோர் எழுத உட்காரும். ஆடாததால திறமையும் வளராது, எடையும் ஏறும். அடுத்த வருஷம் குதிக்கிறது இன்னும் கஷ்டம். என் பாஷையில் இது ஃபீட்பேக் லூப். நல்ல விஷயம், இது எதிர்த்திசையிலும் சுத்தும்.

அப்போ எங்கே உடைக்கிறது? "எடையைக் குறைக்க ஓடு"ன்னு ஒரு குழந்தையிடம் சொன்னா அது தண்டனை. "நொண்டி அடிக்கக் கத்துத் தரேன் வா"ன்னு சொன்னா அது விளையாட்டு. இந்தத் திறமைகள் வயசானா தானா வந்துடாது. ஆடி ஆடித்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயசுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிஷ அசைவு வேணும்னு சொல்லுது. அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஆடணும். உட்கார்ந்து பார்க்கிற ஸ்கிரீன் ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: முன்னாடி செஞ்ச ஒரு அசைவைக் குழந்தை இழந்துட்டா விளையாட்டை நம்பிக் காத்திருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.

மத்தபடி அபார்ட்மென்ட்ல மைதானம் இல்லைன்னு கவலைப்பட வேண்டாம். பார்க்கிங்ல வண்டி வராத ஒரு மூலையும் ஒரு சாக்பீஸும் போதும், பாண்டிக் கட்டம் போட்டுடலாம். கட்டத்தைப் போட்டுட்டு, முதல் ஆட்டத்தை நீங்களே ஆடிக் காட்டுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!