முனைவர் பட்டம் யாருக்காக?



சமூகப்பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்த பிள்ளைகள் அடுத்து முனைவர் பட்டம் பெற விரும்பினால், "இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்விதான். எனவே இப்படிப்பைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

களப்பணிக்கு முதுகலையே போதும். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கும் 2023 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. 'நெட்' அல்லது 'செட்' தேர்ச்சி போதுமானது. வேலைக்காக மட்டும் என்றால் இந்தப் பட்டம் தேவையில்லை என்றே சொல்லலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் இதில் சேரலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் அவகாசம் தரப்படுகிறது. வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகவும் ஆய்வு செய்யலாம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் உருவான சென்னை சமூகப்பணிக் கல்லூரி, நமக்கு எட்டும் தூரத்தில் எழும்பூரிலேயே இருக்கிறது.

அப்படியானால், எதற்காக இத்தனை ஆண்டு உழைப்பு? நம் புழலையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் செயல்படத் தொடங்கிய மத்திய சிறை இங்கே இருக்கிறது. காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. சிறைவாசி ஒருவரின் மகள் பள்ளியை விட்டு நின்றுவிட்டால், களப்பணியாளர் அவளை மீண்டும் பள்ளியில் சேர்ப்பார். இதுபோன்ற பிள்ளைகளின் படிப்பு ஏன் தடைபடுகிறது, எந்த உதவி எந்த நேரத்தில் கிடைத்தால் அவர்கள் தொடர்ந்து படிப்பார்கள் என்று ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் தேடுவார். முன்னவர் செய்வது ஒரு பிள்ளைக்கு உதவும். பின்னவரின் விடை சரியாக இருந்தால் பல பிள்ளைகளுக்கு உதவும்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. சிறையில் இருப்பவர், "பதில் சொன்னால் விடுதலைக்கு வழி பிறக்கும்" என்று நம்பிப் பேசலாம். மறுத்தால் அதிகாரிகள் கோபிப்பார்களோ என்று அஞ்சியும் பேசலாம். முகாமில் இருப்பவர், உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயந்து சம்மதிக்கலாம். இவற்றை மனமுவந்த சம்மதம் என்று சொல்ல முடியுமா? அரசின் அனுமதியும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவைதான். எனினும் அந்த மனிதரின் சம்மதத்திற்கு அவை ஈடாகா. பேசுவதால் சலுகை இல்லை, மறுப்பதால் தண்டனை இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், பெயர் வெளிவராது என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்.

இன்னுமொன்று: ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்தில் வைக்கப்பட்டால், பேசியவருக்கு என்ன கிடைத்தது? அவர் தம் துயரத்தைத் தந்தார். ஆய்வாளர் பட்டம் பெற்றார். கண்டறிந்ததை அம்மக்களிடமே எடுத்துச் சொல்லி, மாற்றம் செய்யக்கூடியவர்களிடமும் கொண்டு சேர்க்கும்போதுதான் அந்தக் கடன் தீரும்.

சிறையில் இருப்போரையும் அந்நியரையும் தேடிச் செல்லும்படி ஆண்டவர் நம்மைப் பணித்திருக்கிறார். ஆகவே, நம் பிள்ளைகள் முனைவர் பட்டம் பெற விரும்பினால், "எத்தனை வருஷம்?" என்பதோடு, "யாருக்காக?" என்றும் கேட்போம். அதற்குத் தெளிவான பதில் இருந்தால், மனமார வாழ்த்தி அனுப்பி வைப்போம்.