பனிக்காலத்தைக் கேட்கும் பியோனி

பூச்செடிகள் பலவற்றைக் குளிரிலிருந்து காப்பதே தோட்டக்காரரின் கவலையாக இருக்க, பியோனியை வளர்ப்பவருக்கோ அதற்குப் போதிய குளிர் கிடைக்குமா என்பதே முதற்கவலையாக இருக்கிறது. அலாஸ்காவில் குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் புதைந்து கிடக்கும் இச்செடி, கோடை வந்ததும் உள்ளங்கையை நிறைக்கும் பெரிய பூக்களைத் தருகிறது. குளிரே அறியாத ஓர் ஊரில் அதே செடி, நல்ல மண்ணும் உரமும் நீரும் கிடைத்தும், சில இலைகளை மட்டும் விட்டு நாளடைவில் நலிந்து போகிறது. ஆகவே பியோனி வளர்ப்பைக் கற்க விரும்புவோர், உரத்தையும் நீரையும் பற்றி எண்ணுவதற்கு முன்பே, தம் இடத்தின் குளிரையும் வெப்பத்தையும் மழையையும் கணித்தறிய வேண்டியிருக்கிறது.

பரந்த நிலங்களின் செடி

பியோனியேசியே என்னும் தாவரக் குடும்பத்தில் பியோனியா என்ற ஒரே ஒரு பேரினம்தான் உள்ளது. அதன் முப்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் இயற்கையாக வளர்கின்றன. அவை வளரும் நிலங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. பியோனியா அனோமாலா சைபீரியாவின் கடுங்குளிர்க் காடுகளில் வளர்கிறது. மெல்லிய இழைகளாகப் பிரிந்த இலைகளையுடைய பியோனியா டெனுயிஃபோலியா உக்ரைன், காக்கசஸ் பகுதிகளின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. பியோனியா கேம்பசெடெசியை மத்தியதரைக் கடலின் பலேரிக் தீவுகளில், உறைபனி அரிதாகவே விழும் இடங்களில் பூக்கிறது. பியோனியா கலிஃபோர்னிகா தென் கலிஃபோர்னியாவின் குன்றுகளில் குளிர்கால மழையில் வளர்ந்து, கோடை வறட்சியில் மண்ணுக்கு மேலுள்ள பகுதி காய்ந்து உறங்கிவிடுகிறது. இந்தியாவுக்கும் உரிய பியோனி ஒன்று உண்டு. பியோனியா எமோடி என்னும் அச்சிற்றினம், காஷ்மீர் முதல் நேபாளம் வரையிலான மேற்கு இமயமலைச் சரிவுகளின் காட்டோரங்களில், ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில், மரநிழலை நாடி வளர்ந்து வெண்ணிறப் பூக்களைத் தருகிறது.

தோட்டங்களில் வளர்க்கப்படுபவற்றை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை பூண்டுப் பியோனி. இதன் தண்டும் இலையும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பட்டுப்போக, தடித்த வேர்க்கிழங்குகளும் அவற்றின் தலைப்பகுதியிலுள்ள முளைக்கண்களும் மட்டும் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். வட சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட பியோனியா லாக்டிஃபுளோராவே இவ்வகையின் மிகப் பெரும்பாலான தோட்ட ரகங்களுக்கு மூலம். இரண்டாம் வகையான மரப் பியோனி, கட்டைத் தண்டுகளையுடைய புதர்ச்செடி. குளிரில் இலையை மட்டும் உதிர்த்துவிட்டுத் தண்டோடு நிற்கும் இதைச் சீனர்கள் மூதான் என்று அழைத்து, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றி வளர்த்து வருகிறார்கள். மூன்றாம் வகை இவ்விரண்டின் கலப்பினம். ஜப்பானைச் சேர்ந்த தோயிச்சி இட்டோ 1948ஆம் ஆண்டில் இக்கலப்பில் வெற்றி கண்டார். ஆயினும் அச்செடிகள் முதன்முதலாகப் பூத்தபோது அவர் உயிரோடில்லை. அவர் பெயராலேயே இட்டோ பியோனி எனப்படும் இவ்வகை, வலுவான தண்டும் நோய்களை ஓரளவு தாங்கும் இலையும் கொண்டது.

குளிர் செய்யும் வேலை

கோடையில் இலைகள் தயாரிக்கும் உணவு வேர்க்கிழங்குகளில் மாவுப்பொருளாகச் சேர, கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் முளைக்கண்களுக்குள் அடுத்த ஆண்டின் பூ அரும்பத் தொடங்குகிறது. பகற்பொழுது சுருங்கிக் குளிர் நெருங்கும்போது அக்கண்கள் உறக்கநிலைக்குச் செல்கின்றன. அதாவது, இடையில் சில நாள் வெயில் அடித்தாலும் முளைக்காதபடி வளர்ச்சியைத் தாமே நிறுத்திவைக்கின்றன. நடுக்குளிர்காலத்து வெயிலை நம்பி முளைத்து, அடுத்து வரும் உறைபனியில் கருகிவிடாமல் காக்கும் இயற்கையின் ஏற்பாடு இது. இந்த உறக்கம் கலைய வேண்டுமானால், செடி குறிப்பிட்ட கால அளவுக்குக் குளிரில் இருந்திருக்க வேண்டும். ஆப்பிள் மரத்துக்கும் உள்ள இப்பண்பைத் தோட்டக்கலையில் குளிர்த்தேவை என்பார்கள்.

பூண்டுப் பியோனிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்குக் கீழ் 500 முதல் 1,000 மணி நேரம் என்பதாகும். ரகத்துக்கு ரகம் இந்த அளவு மாறுபடும். குளிர் தொடரத் தொடர, உறக்கத்தைக் காக்கும் அப்சிசிக் அமிலம் என்னும் ஊக்கி குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரலின்கள் மேலோங்குகின்றன. மாவுப்பொருளும் செடி எளிதில் பயன்படுத்தக்கூடிய சர்க்கரையாக மாறுகிறது. கணக்கு நிறைந்தபின் வரும் வெப்பமே முளையை மண்ணுக்கு மேல் எழுப்புகிறது. குளிர் போதாத ஆண்டில் தண்டுகள் குறைந்தும் குட்டையாகவும் எழும். மொட்டுகள் தோன்றினாலும் பட்டாணி அளவிலேயே கருகி நின்றுவிடும்.

குளிர் முதலில், வெப்பம் பின்னர் என்னும் இவ்வரிசையைச் சீனத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகத் தொழிலுக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். ஷான்தோங் மாகாணத்தின் ஹெஸெ, ஹெனான் மாகாணத்தின் லுவோயாங் ஆகியவை மரப் பியோனியின் புகழ்பெற்ற மையங்கள். லுவோயாங்கின் பியோனிகளைப் பற்றி ஓயாங் ஷியூ என்னும் அறிஞர் 1034ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதியுள்ளார். இவ்வடபகுதிகளில் குளிரைப் பெற்ற செடிகளை வேரோடு அகழ்ந்து, வெதுவெதுப்பான குவாங்சோவுக்குக் கொண்டுசென்று, சீனப் புத்தாண்டு நாளில் பூக்கும்படி வளர்க்கிறார்கள். அந்தத் தென்னகரின் வெப்பம் மொட்டை விரிக்கப் போதுமானது. மொட்டின் உறக்கத்தைக் கலைக்கும் குளிரையோ வடக்குதான் தந்தாக வேண்டும்.

கடுங்குளிர் நிலங்களில்

காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரை இறங்கும் இடங்களிலும் பூண்டுப் பியோனி பிழைத்துக்கொள்கிறது. இதற்குக் காரணம், பனிப்போர்வை மண்ணின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பதேயாகும். பனி போதிய அளவு விழாமல் வெறும் குளிர்க்காற்று வீசும் இடங்களில், மண் மாறி மாறி உறைந்து இளகுவதால் இளஞ்செடிகள் மேலே தள்ளப்படுவதுண்டு. எனவே முதல் ஆண்டில் வைக்கோலாலோ சருகாலோ மூடாக்கு இட்டு, வசந்தத்தின் தொடக்கத்தில் அதை விலக்கிவிடுவது வழக்கம். மரப் பியோனியின் தண்டும் மொட்டும் குளிர்காற்றில் வெளியே நிற்பதால், அவ்வகைக்குக் காற்றுத் தடுப்பு தேவை. டோக்கியோவின் உயெனோ தோஷோகு கோயில் தோட்டத்தில், குளிர்காலத்தில் பூக்கும்படி பக்குவப்படுத்தப்பட்ட மரப் பியோனிகளின் மேல் வைக்கோலால் கூம்பு வடிவக் குடில்களைக் கட்டிப் பனியிலிருந்து காக்கிறார்கள்.

அலாஸ்கா இக்குளிரையே செல்வமாக மாற்றிக்கொண்டது. ஃபேர்பேங்க்ஸிலுள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ்சன் தாவரவியல் தோட்டத்தில், பேராசிரியர் பாட்ரிசியா ஹாலோவேயின் முயற்சியால் 2001ஆம் ஆண்டில் பியோனிச் சோதனைப் பாத்திகள் அமைக்கப்பட்டன. ஜூன் மாதத்தின் உச்சத்தில் 21 மணி நேரத்துக்கும் மேல் பகல் நீளும் அந்நகரில் செடிகள் விரைந்து வளர்ந்தாலும், வசந்தம் தாமதமாக வருவதால் பூக்கள் ஜூலையில்தான் விரிந்தன. கடற்கரை ஊரான ஹோமர் போன்ற குளிர்ந்த இடங்களில் பூக்காலம் ஆகஸ்டைத் தாண்டியும் நீள்கிறது. நெதர்லாந்தின் பூச்சந்தைகளில் பியோனி மே, ஜூன் மாதங்களில் குவிகிறது; தெற்கு அரைக்கோளத்தின் நியூசிலாந்து, சிலி ஆகிய நாடுகளின் பூக்கள் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில், கோடைத் திருமணங்களுக்குப் பூ தேடும் வணிகர்களுக்கு அலாஸ்கா பூ கொடுக்கிறது.

மிதமான, வெப்பமான நிலங்களில்

குளிர்காலம் குறுகியதாகவும் வசந்தம் விரைந்து சூடேறுவதாகவும் உள்ள இடங்களில் இரண்டு இடர்கள் எதிர்ப்படுகின்றன. முதலாவது குளிர் போதாமை. இரண்டாவது, மொட்டு விரியும் நேரத்தில் வரும் கடும் வெப்பம். பல அடுக்கு இதழ்களையுடைய மொட்டு விரிய நீண்ட காலமும் நிறைய உணவும் வேண்டியிருப்பதால், இடையில் வெயில் ஏறினால் அது விரியாமலே வாடிவிடும். ஆகவே இந்நிலங்களுக்கு, பருவத்தின் தொடக்கத்திலேயே பூக்கும் ரகங்களும், ஒற்றை அடுக்கு இதழ்களுடைய ரகங்களும், நடுவில் மென்மையான இழைகள் நிறைந்த ஜப்பானிய வகைப் பூக்களும் ஏற்றவை. பழம்பெருமையுடைய வெண்ணிற ஃபெஸ்டிவா மாக்சிமா, 1851ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட அடுக்கு ரகமாயினும், பருவத்தின் முற்பகுதியிலேயே பூத்துவிடுவதால் வெப்ப நிலங்களிலும் ஓரளவு கைகொடுக்கிறது. 1906ஆம் ஆண்டில் பிரான்சின் லெமுவான் பண்ணை அளித்த இளஞ்சிவப்பு சாரா பெர்ன்ஹார்ட்டோ பிந்திப் பூக்கும் ரகமாதலால், கோடை முந்தி வரும் இடங்களில் தடுமாறுகிறது.

கிடைக்கும் குளிரை முழுமையாகப் பயன்படுத்தும் வழிகளும் உண்டு. முளைக்கண்களின் மேல் மண்ணை மிக மெல்லிதாகவே விட்டு, மூடாக்கு இடாமல் இருந்தால், இரவுக்குளிர் நேராகக் கண்களை எட்டும். இலையுதிர் காலத்தின் இறுதியில் நீரைக் குறைத்து, அதன் பின்னும் காயாமல் நிற்கும் தண்டுகளை அறுத்துவிட்டால் செடி உறக்கத்துக்குச் செல்லத் தூண்டப்படுகிறது. பிற்பகல் வெயில் படாத இடம், பூவின் ஆயுளைச் சில நாள் கூட்டும். இஸ்ரேலில் கலீலியின் மேட்டுநிலங்கள், கோலான் மேடு ஆகியவற்றில் இயற்கைக் குளிரை முதலில் பெறவிட்டு, அதன்பின் பாத்திகளின் மேல் நெகிழிக் குடில் அமைத்து வெப்பத்தைக் கூட்டி, ஐரோப்பியப் பூக்காலத்துக்கு முன்பே அறுவடை செய்கிறார்கள். குறைந்த குளிரே போதும் என்ற பண்பைத் தேடும் ஆய்வாளர்கள், சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் மருந்துக்காக நெடுங்காலம் பயிரிடப்பட்டு, ஈரமும் வெப்பமும் மிகுந்த அச்சூழலுக்குப் பழகிப்போன ஹாங் பாய்ஷாவ் என்னும் ரகத்தை ஆராய்ந்து வருகிறார்கள். புதிய ரகங்களுக்கு இத்தகைய பழைய பயிர்களே கருவூலம்.

மழையும் பனியும் ஈரமும்

மண்ணிலிருந்து எழும் பியோனி முளை செந்நிறமாக, மடங்கிய விரல்களைப் போல் தோன்றும். அந்நிலையில் அது இலேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். மொட்டு பட்டாணி அளவை எட்டியபின் வரும் பனியோ அதன் உள்ளிருக்கும் மென்மையான இதழ்களைக் கொன்றுவிடுவதால், அத்தகைய இரவுகளில் துணியால் செடியை மூடுவது பயன் தரும்.

குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை பெரும்பகையாகிறது. பொட்ரைட்டிஸ் என்னும் இப்பூஞ்சை இளந்தண்டுகளை அடியில் அழுகச் செய்து சாய்ப்பதோடு, மொட்டுகளையும் கருக்கிவிடுகிறது. செடிகளுக்கிடையே ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இடைவெளி விடுவதும், நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விடுவதும், காய்ந்த தண்டுகளை இலையுதிர் காலத்தில் அறுத்து உரக்குழியில் இடாமல் அப்புறப்படுத்துவதும் மருந்தைவிட நம்பகமான தடுப்பு முறைகள். புழுக்கம் மிகுந்த கோடையில் இலைமேல் வெண்பொடி படிவதுபோல் தோன்றும் சாம்பல் நோய், செடியைப் பெரும்பாலும் கொல்வதில்லை. மழை மிகுந்த இடங்களில் அடுக்குப் பூக்கள் நீரைத் தேக்கிக்கொண்டு பாரத்தால் மண்ணில் சாய்வதால், வசந்தத்திலேயே செடியைச் சுற்றி வளையத் தாங்கிகளை நட்டுவிட வேண்டும்.

மொட்டுகளின் மேல் எறும்புகள் ஊர்வதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. மொட்டைப் பொதிந்திருக்கும் புல்லியிதழ்களின் விளிம்பில் சிறு சுரப்பிகள் தேன்துளிகளைக் கசிய விடுகின்றன. அவற்றை உண்ணவே எறும்புகள் வருகின்றன. எறும்பு இல்லாவிட்டால் பியோனி விரியாது என்ற நம்பிக்கை பல நாடுகளில் வழங்கினாலும், மொட்டு தானாகவே விரியும் ஆற்றலுடையது.

நடவும் ஆழமும்

எந்த நிலத்திலும் பியோனியை நடத் தக்க காலம் இலையுதிர் காலமே. அப்போதுதான் உணவை உறிஞ்சும் நுண்வேர்கள் புதிதாக வளரும். முதிர்ந்த செடியை அகழ்ந்து, இஞ்சிக் கிழங்கைக் கணு பார்த்து உடைப்பதுபோல், ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து முளைக்கண்கள் இருக்கும்படி பிரித்து நடுகிறார்கள். பூண்டுப் பியோனியின் கண்கள் குளிர் நிலத்தில் மண்ணுக்குக் கீழ் 5 சென்டிமீட்டர் அளவிலும், வெப்ப நிலத்தில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் அளவிலும் இருக்க வேண்டும். இலை செழித்தும் பூவே வராத செடிகளைத் தோண்டிப் பார்த்தால், பல வேளைகளில் கண்கள் மிக ஆழத்தில் புதைந்திருப்பது தெரியவரும். ஒட்டுக் கட்டிய மரப் பியோனியை மட்டும், ஒட்டுப் பகுதி 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி நடுவார்கள். தண்டிலிருந்து சொந்த வேர் விடுவதற்கு அந்த ஆழம் உதவுகிறது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயிலும், நீர் தேங்காத வடிகாலும், நடுநிலையை ஒட்டிய மண்ணும் எல்லா வகைக்கும் பொது. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருத்துப் பூ குறையும். நோயும் எளிதில் தொற்றும்.

நட்ட முதலிரண்டு ஆண்டுகளில் பூவை எதிர்பாராமல் வேரை வளரவிடுவதே முறை. அதன்பின் பூவைக் கொய்யும்போதும், தண்டில் இரண்டு இலைகளையாவது விட்டுவைக்க வேண்டும். அடுத்த ஆண்டின் பூவுக்கு உணவு சேர்ப்பவை அவ்விலைகளே.

நல்ல இடத்தில் நட்ட பூண்டுப் பியோனி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே பூத்துக்கொண்டிருக்கக்கூடியது. நட்டவரின் பேரப்பிள்ளைகளும் அதே செடியில் பூப்பறிக்க முடியும். அத்தகைய நீண்ட வாழ்வுடைய செடிக்கு இடம் தேர்பவர், இன்றைய குளிர்காலத்தை மட்டுமன்றி, புவி வெப்பமடைதலால் குளிர்காலங்கள் மென்மையாகிவரும் போக்கையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. குளிர்த்தேவையின் விளிம்பிலுள்ள நிலங்களில், இன்று பூக்கும் ரகம் சில பத்தாண்டுகளில் பூக்காமல் போகக்கூடும். எனவே முதலில் தம் ஊரின் குளிர் மணி நேரங்களை எண்ணி, அடுத்து அதற்கேற்ற வகையையும் ரகத்தையும் தேர்ந்து, அதன் பிறகே மண்வெட்டியை எடுப்பவரிடம் பியோனி பொய்ப்பதில்லை.